அடுத்த பாகம் அறிவிப்பார்களா? டிஸ்னி அனிமேஷன் படங்களை வைத்து ஒரு கணிப்பு: கேள்வி பதில்

இந்தப் பழக்கம் ஆரம்பித்தது என் அக்கா மகளால். ஃப்ரோசன் இரண்டாம் பாகத்தைத் தமிழில், எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்த பதிப்பில், எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவை முடிந்ததும் “மாமா, அடுத்தது எப்ப வரும்?” என்பாள். “வரும், வரும்” என்று சமாளித்துக்கொண்டிருந்த நான், ஒருநாள் பழைய அறிவிப்புகளின் தேதிகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இப்போது நண்பர் ஒருவரும் நானும் அந்த நோட்டை வைத்துக்கொண்டு டீ, பரோட்டா பந்தயம் கட்டுகிறோம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

எத்தனையோ ஸ்டுடியோ இருக்க, டிஸ்னியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டீர்கள்?

கணிக்க வசதியான கம்பெனி, அதனால்தான். பங்குச் சந்தையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு சொல்லியாக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பங்குதாரர் கூட்டம். ரசிகர்களுக்கென்று டி23 என்ற மாநாடு தனியாக. இந்த மூன்றின் தேதியும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிக்ஸார், வால்ட் டிஸ்னி அனிமேஷன் என இரண்டு பட்டறைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் ஒப்பிட நிறையப் படங்கள் கிடைக்கின்றன. வேறு ஸ்டுடியோ படம் தேவைப்படும் இடத்தில் மட்டும் அதை இழுத்துக்கொள்கிறேன்.

‘அறிவிப்பு’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

பந்தயத்தில் சண்டை வருவது இந்த ஒரு சொல்லில்தான். எங்களுக்குள் நடந்ததையே சொல்கிறேன். 2023 நவம்பரில், ஹாங்காங் டிஸ்னிலேண்டில் ஃப்ரோசன் பூங்கா திறப்பை ஒட்டி, அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகர் அமெரிக்கக் காலை நிகழ்ச்சி ஒன்றில் பேசினார். மூன்றாம் பாகம் வேலையில் இருக்கிறது, நான்காவதும் இருக்கக்கூடும் என்றார். நண்பர் உடனே போன் போட்டு, “நாலு வந்தாச்சு, டீ வாங்கு” என்றார். “‘இருக்கக்கூடும்’ என்பது அறிவிப்பா?” என்று நான் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் இழுத்தது. கடைசியில் பாதிப் பாதி போட்டு டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் விதியை எழுதி வைத்தோம். கம்பெனியின் செய்திக்குறிப்பிலோ, கம்பெனி நடத்தும் நிகழ்ச்சியிலோ, தலைமை நிர்வாகியின் வாயிலோ ‘தயாராகிறது’ என்ற பொருளில் சந்தேகமில்லாத சொல் வர வேண்டும். நடிகர் சொன்னது, பெயர் சொல்லாத வட்டாரம் சொன்னது, ‘யோசித்துக்கொண்டிருக்கிறோம்’ எதுவும் செல்லாது. இதோடு கெடு தேதியும் வேண்டும். ‘என்றைக்காவது அறிவிப்பார்களா’ என்று கேட்டால் பெரும்பாலான ஹிட் படங்களுக்கு ‘ஆம்’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘இந்த டிசம்பர் 31க்குள்’ என்று கேட்டால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வசூல் 100 கோடி டாலரைத் தாண்டினால் அடுத்த பாகம் உறுதிதானே?

கிட்டத்தட்ட. ஆனால் தியேட்டர் வசூலை மட்டும் பார்த்தால் பாதிப் படங்களில் ஏமாந்துபோவீர்கள்.

மோவானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த முதல் பாகம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 64 கோடி டாலர். நல்ல வசூல்தான், ஆனால் அதே ஆண்டு வந்த ஜூட்டோபியா 100 கோடியைத் தாண்டியிருந்தது. வசூல் பட்டியலை மட்டும் வைத்திருந்த நான் மோவானாவைப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். அந்தப் படத்தை வீடுகளில் குழந்தைகள் மறுபடி மறுபடி ஓட விட்டுக்கொண்டிருந்தது என் கணக்கில் இல்லை. பார்வையாளர்களை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்ட படம் அதுதான், ஏழு வருடப் பழைய படம்! அடுத்த பிப்ரவரியில் இரண்டாம் பாகத்தை அறிவித்தார்கள். அது 100 கோடியைத் தாண்டியது. அக்கா மகளைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கார்ஸ் இன்னொரு மாதிரி. 2006இல் வந்த படம் தியேட்டரில் சுமார் 46 கோடி டாலர்தான். ஆனால் சிவப்புக் கார் பொம்மை, பை, போர்வை என்று முதல் ஐந்து ஆண்டுகளில் கடைகளில் விற்ற சரக்கின் மதிப்பு 1,000 கோடி டாலரை நெருங்கியது. இரண்டாம் பாகத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மூன்றாம் பாகம் அப்படியும் வந்தது. பொம்மைக் கடையின் அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் பந்தயம் கட்ட வேண்டும் என்று நான் சொல்வது பாதிதான் விளையாட்டு.

எந்தச் சமயத்தில் அறிவிப்பார்கள்?

நோட்டில் 13 அறிவிப்புகள் இருக்கின்றன. நீமோ படத்தின் அடுத்த பாகமான, டோரியைத் தேடும் படம் 2013 ஏப்ரலில் தனிச் செய்தியாக வந்தது. ரால்ஃப் படத்தின் இரண்டாம் பாகம் 2016 ஜூனில் ஃபேஸ்புக் நேரலையில். மிச்சம் 11உம் நாள்காட்டியில் முன்பே குறித்துவைக்கக்கூடிய நாட்களில் வந்தவை.

பங்குதாரர் கூட்டத்தில் நான்கு: இன்க்ரெடிபிள்ஸ் 2, கார்ஸ் 3 (2014 மார்ச்), ஃப்ரோசன் 2 (2015 மார்ச்), கோக்கோ 2 (2025 மார்ச்). காலாண்டு முடிவு சொன்ன நாளில் ஐந்து: டாய் ஸ்டோரி 4 (2014 நவம்பர்), பிறகு 2023 பிப்ரவரி 8 அன்று ஒரே மூச்சில் டாய் ஸ்டோரி 5, ஃப்ரோசன் 3, ஜூட்டோபியா 2, அடுத்த வருடம் பிப்ரவரி 7 அன்று மோவானா 2. டி23 மாநாட்டில் இரண்டு: இன்சைட் அவுட் 2 (2022 செப்டம்பர்), இன்க்ரெடிபிள்ஸ் 3 (2024 ஆகஸ்ட்).

ஆக, கெடு தேதிக்குள் இந்த நாட்களில் எத்தனை விழுகின்றன என்று முதலில் எண்ணுங்கள். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் காலாண்டு முடிவுகள். பெரும்பாலும் மார்ச்சை ஒட்டிப் பங்குதாரர் கூட்டம். இடைப்பட்ட வாரங்களில் இணையத்தில் என்ன புரளி கிளம்பினாலும் நான் என் எண்ணை அதிகம் மாற்றுவதில்லை.

ரசிகனுக்குச் சொல்ல வேண்டிய செய்தியை முதலீட்டாளரிடம் ஏன் சொல்கிறார்கள்?

அது முதலில் முதலீட்டாளருக்கான செய்தி என்பதால். எனக்கு இது புரிய வெகுநாள் ஆயிற்று. புரிந்த பிறகுதான் கணிப்பு கொஞ்சமாவது தேறியது.

2023 பிப்ரவரி 8ஐ மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். ஐகர் மறுபடி பொறுப்புக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. முந்தைய நிதியாண்டில் ஸ்ட்ரீமிங் பிரிவில் மட்டும் சுமார் 400 கோடி டாலர் நஷ்டம். நெல்சன் பெல்ட்ஸ் என்ற முதலீட்டாளர், கம்பெனியைச் சரியாக நடத்தவில்லை என்று சொல்லி நிர்வாகக் குழுவில் இடம் கேட்டு மல்லுக்கு நின்றார். அன்றைய கூட்டத்தில் ஐகர் சொன்னவை: 550 கோடி டாலர் செலவுக் குறைப்பு, 7,000 பேர் வேலை நீக்கம், அப்புறம் மூன்று தொடர்ச்சிப் படங்கள். மறுநாள் பெல்ட்ஸ் போராட்டத்தைக் கைவிட்டார்.

டாய் ஸ்டோரி 5 செய்தியைக் கேட்டு நம் ஊர்க் குழந்தைகள் குதித்தார்கள், சரி. ஆனால் அந்தச் செய்தி உட்கார்ந்திருந்த இடம் வேலை நீக்கத்துக்குப் பக்கத்தில். ‘செலவைக் குறைக்கிறோம், அதோடு நிச்சயம் ஓடும் சரக்கு மூன்று கையில் இருக்கிறது’ என்று கடன் கொடுத்தவனிடம் கடைக்காரர் சொல்வது போல.

ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். அந்த வருடக் கடைசியிலேயே பெல்ட்ஸ் மறுபடி வந்தார். 2024 ஏப்ரல் 3ஆம் தேதி வாக்கெடுப்பு. அதற்கு இரண்டு மாதம் முன்பு வந்த காலாண்டு முடிவுகளை ஒட்டி வீடியோ கேம் கம்பெனியான எபிக் கேம்ஸில் 150 கோடி டாலர் முதலீடு, டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிப் படம், மோவானா 2 மூன்றும் ஒன்றாக இறங்கின. வாக்கெடுப்பில் நிர்வாகமே ஜெயித்தது.

மோவானா 2 பற்றி இன்னொன்று. அது முதலில் 2020 டிசம்பரில் ஸ்ட்ரீமிங் தொடராக அறிவிக்கப்பட்ட கதை. மூன்று வருடத்துக்கு மேல் உருண்டுகொண்டிருந்ததைப் படமாக மாற்றி, ‘இதோ நவம்பரில் தியேட்டரில்’ என்றார்கள். அறிவிப்புக்கும் ரிலீஸுக்கும் பத்து மாதம்கூட இல்லை. அனிமேஷன் படம் ஒன்றை அந்த வேகத்தில் யாராலும் எடுக்க முடியாது. உள்ளே சமைத்து மூடி வைத்திருந்ததை, விருந்தாளி கோபமாக வந்த நாளில் திறந்து காட்டினார்கள்.

அதனால் நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: அடுத்த கூட்டத்தில் இந்த நிர்வாகத்துக்கு நல்ல செய்தி எவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது? புதுக் கதைகள் படுத்துக்கொண்டால் அந்தத் தேவை ஏறும். 2025 ஜூனில் பிக்ஸாரின் எலியோ, அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 2 கோடி டாலரோடு அந்த ஸ்டுடியோவின் வரலாற்றிலேயே மோசமாகத் திறந்தது. அதற்கு முந்தைய கோடையில் இன்சைட் அவுட் 2 கிட்டத்தட்ட 170 கோடி அள்ளியிருந்தது. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் கணக்குப் பிள்ளை என்ன எழுதுவார்?

கதைதான் முடிந்துவிட்டதே, அப்புறம் எப்படி?

கதை முடிவது ஒரு தடையே அல்ல. டாய் ஸ்டோரி மூன்றாம் பாகத்தில் ஆண்டி பொம்மைகளைக் கொடுத்துவிட்டு காலேஜுக்குப் போனான். தியேட்டரில் பெரியவர்களே அழுதார்கள். அதற்குப் பிறகு நான்காம் பாகம் வந்தது. டிரீம்வொர்க்ஸ் என்ற வேறு ஸ்டுடியோவின் ஷ்ரெக் நான்காம் பாகத்தை 2010இல் ‘இறுதி அத்தியாயம்’ என்றே விளம்பரம் செய்தார்கள். 2024 ஜூலையில் ஐந்தாம் பாகத்தை அறிவித்தார்கள்.

இயக்குநர் ‘மாட்டேன்’ என்றால்?

பாத்திரங்களின் உரிமை யாரிடம் என்று பாருங்கள். அவர் கையில் இல்லையென்றால் அவர் ‘மாட்டேன்’ என்பது தாமதம் மட்டும்தான்.

இதற்கு சர்க்கிள் 7 கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2004இல் பிக்ஸாரும் டிஸ்னியும் தனித்தனிக் கம்பெனிகள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் டிஸ்னி தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கும் பேச்சு முறிந்தது. ஆனால் ஒப்பந்தப்படி டாய் ஸ்டோரி பொம்மைகளான வுடியும் பஸ் லைட்இயரும், மீன் நீமோவும் டிஸ்னியின் சொத்து. பிக்ஸார் இல்லாமலே அவற்றின் அடுத்த பாகங்களை எடுக்க டிஸ்னி தனியாக ஒரு ஸ்டுடியோவே திறந்தது. கலிஃபோர்னியாவில் அது இருந்த தெருவின் பெயர்தான் அதன் பெயர். அங்கே உருவான டாய் ஸ்டோரி 3 கதையில், பழுதான பஸ்ஸை உற்பத்தி செய்த இடமான தைவானுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மற்ற பொம்மைகள் மீட்கப் போகின்றன. படைத்தவர்கள் வெளியே, பாத்திரங்கள் உள்ளே. வாடகை வீட்டில் நட்ட மாமரம் மாதிரி, பழம் வீட்டுக்காரருக்கு.

2006 ஜனவரியில் டிஸ்னி 740 கோடி டாலருக்குப் பிக்ஸாரையே வாங்குவதாக அறிவித்தது. சர்க்கிள் 7ஐ அந்த ஆண்டே மூடினார்கள். தைவான் கதை குப்பைக்குப் போனது. இருந்தும் டாய் ஸ்டோரி 3 வந்தது, வேறு கையால், வேறு கதையோடு. அந்த வருடங்களில் யாராவது ‘டாய் ஸ்டோரி 3 வருமா’ என்று பந்தயம் கட்டியிருந்தால், கம்பெனிகளின் சண்டையைப் பார்த்து ‘வராது’ என்று கட்டியவர் தோற்றிருப்பார்.

கோக்கோவை இயக்கிய லீ அன்கிரிச் 2019இல் பிக்ஸாரை விட்டே போனார்; இரண்டாம் பாகத்துக்குத் திரும்பி வந்தார். ஆக, ‘விலகிவிட்டார்’ என்ற செய்திக்காக நான் சதவீதத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை.

குரல் கொடுக்கும் நடிகர் பேட்டியில் உளறிவிட்டால்?

அனிமேஷனில் இது நல்ல அறிகுறி. குரல் பதிவு ஆரம்பித்துவிட்டது என்றால் பணம் செலவாக ஆரம்பித்துவிட்டது. 2024 ஜூனில் எடி மர்ஃபி, ஷ்ரெக் ஐந்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிட்டதாகப் பேட்டி கொடுத்தார். அடுத்த மாதமே ஸ்டுடியோ அறிவித்தது. ஆனால் ‘கூப்பிட்டால் வருவேன்’, ‘எனக்கு ஆசைதான்’ என்பதெல்லாம் வேலை தேடுகிறவர் பேச்சு. நடிகர் எந்தக் காலத்தில் பேசுகிறார் என்று கவனியுங்கள். ‘பதிவு செய்தேன்’ என்றால் நோட்டை எடுங்கள், ‘செய்வேன்’ என்றால் டீயைக் குடியுங்கள்.

படம் முடிந்த பிறகு வரும் குட்டிக் காட்சி?

கதவைச் சாத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் அர்த்தம். நான் அதற்கு இரண்டு மூன்று சதவீதம்தான் கூட்டுவேன்.

அறிவித்துவிட்டால் படம் வந்துவிடுமா?

அது வேறு பந்தயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் இழந்த பரோட்டாக்கள் அதிகம்.

2020 டிசம்பரில் முதலீட்டாளர் தினத்தன்று பேட்டி ஜென்கின்ஸ் இயக்கத்தில் ரோக் ஸ்குவாட்ரன் என்ற ஸ்டார் வார்ஸ் படத்தை 2023 டிசம்பர் ரிலீஸ் என்று தேதியோடு அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் ரிலீஸ் அட்டவணையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அவதார் இரண்டாம் பாகம் 2014க்கு வருவதாக முதலில் பேச்சு. வந்தது 2022 டிசம்பரில். ஷ்ரெக் ஐந்து 2026 ஜூலையிலிருந்து டிசம்பருக்குப் போய், அங்கிருந்து 2027 ஜூனுக்கு நகர்ந்தது. அறிவிக்க ஒரு வாக்கியம் போதும். படத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வருடக்கணக்கில் உட்கார வேண்டும்.

சதவீதம் எப்படிப் போடுகிறீர்கள்?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு பாகம் வெளியானதற்கும் அடுத்ததை அறிவித்ததற்கும் நடுவே எவ்வளவு காலம் என்று அந்த 13க்கும் கணக்கிட்டேன். இரண்டுக்கு மட்டும்தான் மூன்று வருடத்துக்குள் அறிவிப்பு வந்தது: ஃப்ரோசன் (பதினாறு மாதத்துக்குள்), கார்ஸ் 2. டாய் ஸ்டோரி 3, 4, ஃப்ரோசன் 2, ரால்ஃப் நான்கும் மூன்று முதல் ஐந்து வருடம். மிச்சம் ஏழும் ஆறு வருடத்துக்கு மேல். நீமோ படத்துக்குக் கிட்டத்தட்ட பத்து வருடம், கோக்கோவுக்கு ஏழேகால் வருடத்துக்கு மேல். படம் ஹிட்டான உற்சாகத்தில் ‘அடுத்த வருடமே அறிவிப்பார்கள்’ என்று கட்டுகிறவரிடம் எதிர்ப்பந்தயம் கட்டலாம் என்று இதிலிருந்தே தெரிகிறது.

இந்த நோட்டில் ஒரு ஓட்டையும் உண்டு, அதை நண்பர்தான் காட்டினார். “அடுத்த பாகம் வந்த படத்தை மட்டும்தானே எழுதி வெச்சிருக்க? வராததை எங்க எழுதின?” சரியான அடி. 2007இல் வந்த எலிச் சமையல்காரன் படம் ராட்டட்டூயி 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, ஆஸ்கரும் வாங்கியது. பத்து வருடம் கழித்தும் இரண்டாம் பாகத்தின் பேச்சே இல்லை. பிக் ஹீரோ 6 டிவி தொடரோடு சரி. இவை நோட்டில் இல்லாததால் என் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இப்போது கடைசிப் பக்கத்தில் ‘வராதவை’ என்று தலைப்புப் போட்டு எழுதுகிறேன். எண்ணைப் போட்டு முடித்ததும் அதைப் பார்த்துவிட்டு ஐந்து, பத்து குறைப்பது பழக்கமாகிவிட்டது.

கெடு நெருங்க நெருங்க, எதுவும் நடக்காவிட்டால் சதவீதத்தை இறக்க வேண்டும். இது சொல்ல எளிது. பிடித்த படமாக இருந்தால் கை வராது.

பணம் வைத்து ஆடலாமா?

வேண்டாம். இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதோடு, அறிவிப்பு எப்போது என்று முன்பே தெரிந்தவர்கள் அந்தக் கம்பெனிக்குள் நிறையப் பேர் இருப்பார்கள். எதிரே சீட்டைப் பார்த்துவிட்டு ஆடுகிறவர் உட்கார்ந்திருக்கும் ஆட்டம் இது.

ஜூட்டோபியா 3க்கு என்ன எழுதினீர்கள்?

இரண்டாம் பாகம் 2025 நவம்பர் 26 அன்று வந்தது. கடைசியில் கதாநாயகி முயல் ஜூடியின் ஜன்னலில் ஒரு இறகு விழும். அடுத்தது பறவைகள் என்று குழந்தைக்கும் புரியும். அந்த வாரமே நோட்டில் எழுதினோம். கெடு ஒரு வருடம், 2026 நவம்பர் 26. நான் 35 போட்டேன். காலாண்டு முடிவு நாட்கள் நான்கும் பங்குதாரர் கூட்டம் ஒன்றும் ஆகஸ்ட் டி23உம் அந்தக் கெடுவுக்குள் விழுந்ததால்தான் அவ்வளவு, இல்லையென்றால் 15தான். நண்பர் 70. படம் 170 கோடி டாலரைத் தாண்டியதும் ஏற்றச் சொல்லி நச்சரித்தார். நான் 40க்குப் போனேன், அதற்கு மேல் அசையவில்லை. இவ்வளவு ஓடிய படத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு உடனே இன்னொரு நல்ல செய்தி தேவையில்லை. அதை ஒரு கெட்ட காலாண்டுக்கென்று எடுத்து வைப்பார்கள் என்பது என் கணக்கு.

அக்கா மகள் 100 போட்டிருக்கிறாள். அவளுக்குக் கெடு தேதி கிடையாதாம்.